வாளியைக் காணோம்

சந்தை முடிந்த மறுநாள் காலை. தமிழ்நாடு-கேரள எல்லையில், கேரளப் பக்கம் இருக்கிற வேலந்தாவளம் முக்கில் நான் எப்போதும் உட்காரும் டீக்கடை. எதிரே மேஜையில் நான்கு பேப்பர்கள் — இரண்டு தமிழ், இரண்டு மலையாளம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னுடைய இந்தக் கெட்ட பழக்கம் தெரியும். இரண்டு பக்கத்துப் பேப்பரையும் அருகருகே விரித்துவைத்து, ஒரே நாள் எப்படி இரண்டு நாளாக நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லையில் குடியிருப்பவனுக்குக் கிடைக்கிற சொகுசு இது ஒன்றுதான். வீட்டில் விரித்தால் திட்டு விழும். அதனால் டீக்கடை.

முதல் பேப்பரைப் பிரிப்பதற்குள் ஹனீபா பாய் வந்துவிட்டார்.

ஹனீபா பாய் மாட்டு வியாபாரி. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கி எங்கள் ஊர்ச் சந்தையில் விற்பவர். அவருடைய அத்தாவுக்கும் இதே தொழில்தான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. கடையில் இருந்த எல்லோருக்கும் தன் கணக்கில் டீ சொன்னார். கையில் ஒரு தமிழ்ப் பேப்பர், ஒரு மலையாளப் பேப்பர்.

"ஏனுங்ணா, பாத்தீங்களா? ரெண்டு பேப்பர்லயும் நம்ம போட்டோ வந்துருக்குதுங்க."

மலையாளப் பேப்பரை முதலில் நீட்டினார். ஹனீபா பாய் குனிந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் மினி லாரியில் எருமைகள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லையில் சோதனைக்காக வெயிலில் காத்துக்கிடந்த மாடுகளுக்குத் தமிழ்நாட்டு வியாபாரி ஒருவர் தண்ணீர் கொண்டுபோகும் காட்சி என்று கீழே போட்டிருந்தது. அழகான படம்.

"இத நானே படிச்சுட்டனுங்க. தமிழ்நாட்டு வியாபாரின்னு போட்டிருக்காங்க, அதொண்ணுதான் தப்பு. பரவால்லீங். இந்தத் தமிழ்ப் பேப்பரை நீங்க படிச்சுக் காட்டோணும். சத்தமாவே படிங்ணா, எல்லாரும் கேக்கட்டும்."

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டில் பேசுவது தமிழ். சண்டை போடுவது தமிழ். கணக்குப் போடுவது தமிழ். ஆனால் நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்க வேண்டுமே என்று சேர்த்துவிடுவது மலையாளப் பள்ளிக்கூடத்தில். அதனால் பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிற எத்தனையோ பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹனீபா பாயும் அப்படித்தான்.

பேப்பரை வாங்கினேன். படத்தைப் பார்த்தேன். அதே சட்டை, அதே குனிந்த தோள். முகத்தில் இருப்பது சிரிப்பா வலியா என்று அச்சில் தெரியவில்லை. ஆனால் இடுப்போடு படம் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், அவரும் குனிந்தபடி. பாயின் கையை அவர் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார் என்று சத்தியம் செய்யலாம் போல இருந்தது.

மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'கேரளாவுக்கு மாடு கடத்தலா? எல்லையில் வாகனங்கள் மடக்கிச் சோதனை; பரபரப்பு.' படத்துக்குக் கீழே பொடி எழுத்தில்: 'சோதனையில் சிக்கிய கேரள வியாபாரி.'

கடையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வாங்கிக் கொடுத்த டீ கையில்.

"பாய்... கொஞ்சம் வெளிய வாங்க, பேசலாம்."

"இங்கயே படிங்ணா. நம்ம ஆளுகதானுங்க எல்லாம்."

வேறு வழியில்லாமல் வெளியே இழுத்துக்கொண்டுபோய், மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என் கையிலிருந்த படத்தையே பார்த்தார். படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இல்லீங்களே. அந்த ஏட்டய்யா என் கையப் புடிக்கலீங்க. வாளியத்தானே ரெண்டு பேரும் புடிச்சோம். அவருதானுங்க செக்போஸ்ட்டு வாளிய எடுத்துக் குடுத்தாரு. மாடு நாக்கு தள்ளுது, நானும் ஒரு கை புடிக்கறேன்னு வந்தாரு."

அப்புறம்தான் அந்த விஷயத்தைச் சொன்னார்.

"பொள்ளாச்சிக்கு ஒரு கட்டுப் பேப்பர் வாங்கி அனுப்பிட்டனுங்களே."

பாயின் மகள் நஸீமாவுக்குப் பொள்ளாச்சியில் மாப்பிள்ளை பார்த்துப் பேச்செல்லாம் முடிந்து, தேதி குறிப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பா சாகுல் பாய் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். அந்த வீட்டுக்கு, அந்தத் தெருவுக்கு, அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு எல்லாம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லி, விடிந்ததும் முதல் பஸ்ஸிலேயே டிரைவர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறார் மனிதர். பொள்ளாச்சிக்காரர்கள் தமிழ்தானே படிப்பார்கள், அதனால் தமிழ்ப் பேப்பராகவே பார்த்து வாங்கி. கூடவே பாலக்காட்டு நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட்.

ஒரு மனிதன் தன் மேல் விழுந்த பழியைத் தானே காசு கொடுத்து வாங்கி, சிப்ஸும் வைத்து, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தான். இந்தக் கூத்து எங்கள் எல்லையில் மட்டும்தான் நடக்கும்.

அன்றைக்குக் கிளம்பிய கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முதலில் அந்த 'பரபரப்பு' விஷயத்துக்கு வருகிறேன். நான் அந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறேன். அன்று தமிழ்நாட்டுச் செக்போஸ்ட்டில் வழக்கமான சோதனை. டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறதா, அளவுக்கு மேல் மாடு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தவர்களை அனுப்பினார்கள். ஹனீபா பாயையும் அனுப்பினார்கள். யாரும் பரபரக்கவில்லை. பக்கத்துக் கடையில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ்ப் பேப்பர்களைக் கேட்டால், என் ஊரில் கோழி ரோட்டைக் கடந்தாலும் பரபரப்பு.

மலையாளப் பேப்பர் யோக்கியமா? அவசரப்படாதீர்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சாதாரண ஜனம் செத்துப்போனால், போட்டோ போட்டு, பிள்ளைகள் பேர், மருமகன் பேர் எல்லாம் போட்டு, ஒரு முழுப் பக்கம் ஒதுக்குவார்கள். நம் தமிழ்ப் பேப்பரில் அப்படி வர வேண்டுமென்றால் விளம்பரம் கொடுக்க வேண்டும், இல்லை வெட்டுக்குத்தில் சாக வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிற தமிழ் பேசுகிறவனை என்ன செய்வது என்று மலையாளப் பேப்பருக்கும் தெரியாது. கேரளாவின் சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்தில் என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், ஆரோக்கியசாமி என்று பெயர். அங்கேயே பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே ஓட்டுப் போடுகிறவர். ஒருமுறை யானை வந்து அவர் வீட்டுச் சமையல்கட்டை இடித்துவிட்டுப் போனது. மறுநாள் செய்தி வந்தது. யானைக்குச் செல்லப் பெயர் உண்டு, போட்டிருந்தார்கள். அதன் குணம், நடை, கொம்பு எல்லாம் விவரமாக இருந்தது. ஆரோக்கியசாமி? 'தமிழ்த் தொழிலாளி ஒருவர்.' அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். கோடை வந்தால் போதும். கேரளாக்காரன் நம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறான் என்று இந்தப் பேப்பரில். தமிழ்நாட்டுக்காரன் நமக்குத் தண்ணீர் தரவில்லை என்று அந்தப் பேப்பரில். நடுவில் காய்ந்த வாய்க்காலில் நிற்கிற எங்களுக்கு எந்தப் பேப்பரை நம்பி நெல் விதைப்பது என்று தெரிவதில்லை.

சரி, கோபப்பட்டால் மட்டும் போதுமா? போன் போட்டேன்.

தமிழ்ப் பேப்பரின் நிருபர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், நாங்க கடத்தல்னு சொல்லவே இல்லையே. கடத்தலான்னு கேட்டுத்தான் இருக்கோம். கேள்விக்குறி போட்டிருக்கு பாருங்க."

"அப்படிங்களா? நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல உங்க படத்த ஒட்டி, மேல 'இவர் திருடரா?'ன்னு எழுதி வெச்சா, பக்கத்து வீட்டுக்காரங்க கேள்விக்குறியவா பாத்துட்டுப் போவாங்க?"

திருத்தம் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், மேலே பேசுகிறேன் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

மலையாளப் பேப்பருக்கும் பேசினேன். பாராட்டித்தானே போட்டிருக்கிறோம், இதில் என்ன குறை என்றார்கள். குறை ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து பாலக்காடு ஜில்லாவில் இருக்கிற மனிதரை ஏன் தமிழ்நாட்டுக்காரர் ஆக்கினீர்கள் என்று கேட்டேன். பதில் உடனே வந்தது.

"ஆள் தமிழாணல்லோ."

ஆள் தமிழ்தானே. அதாவது, தமிழ் பேசினால் தமிழ்நாடு. கேரளாவில் குடியிருந்தால், தமிழ்ப் பேப்பருக்குக் கேரள வியாபாரி. இந்த இரண்டு பேப்பரும் சேர்ந்து ஹனீபா பாயை ரோட்டின் இரண்டு பக்கமும் துரத்தினால், மனிதர் செக்போஸ்ட்டுக் கம்பத்தின் மேலேயா ஏறி உட்காருவார்?

பொள்ளாச்சியிலிருந்து பேச்சு மூச்சில்லை. தினமும் போன் பண்ணுகிற மாப்பிள்ளை வீட்டார் பண்ணவில்லை. இவராகப் போட்டாலும் எடுக்கவில்லை. அடுத்த சந்தைக்கு ஹனீபா பாய் வரவில்லை. எனக்குத் தெரிந்து உடம்புக்கு முடியாதபோதுகூடச் சந்தையைத் தவறவிடாத மனிதர். அன்று சாயந்திரம் நஸீமா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அத்தா சோறே சரியாத் திங்கறதில்லீங்க. என்னாலதானேன்னு எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. கல்யாணம் நின்னாப் போச்சாது மாமா. அவரு தலையக் குனிஞ்சுட்டு ஊட்டுக்குள்ளயே உக்காந்துருக்கறதத்தான் பாக்க முடியல."

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? 'கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள் அம்மா' என்றா?

படத்தை எடுத்தது யார் என்று விசாரித்தேன். கஷ்டப்படவே வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வராஜ். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பவர். நடுவில் பேப்பர்களுக்கும் படம் அனுப்புவார். ஒரே படத்தைத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் அனுப்பியிருக்கிறார்.

"நான் முழுசாத்தானுங்க சார் அனுப்பிச்சேன். அவங்க வேணுங்கறத வெச்சுக்கறாங்க, வேண்டாததை வெட்டிப்போடறாங்க. அத நாம கேக்க முடியுங்களா?"

கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் திறந்து காட்டினார். இந்தப் பக்கம் ஹனீபா பாய். அந்தப் பக்கம் போலீஸ்காரர், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறார். நடுவில் தண்ணீர் தளும்புகிற வாளி. வாளியின் பிடியில் இரண்டு பேர் கையும். இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எருமை ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

மலையாளப் பேப்பரை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், வாளிப் பிடியில், ஒரு காக்கிச் சட்டையின் கை மட்டும் மணிக்கட்டோடு நிற்கிறது. அன்றே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை. அவர்களுக்குத் தமிழ்நாட்டுப் போலீஸ் ஆகாது, ஆளை வெட்டிவிட்டார்கள். இவர்களுக்கு வாளி ஆகாது, வாளியை வெட்டிவிட்டார்கள். அந்த ஊர்ப் போலீஸும் இந்த ஊர் வியாபாரியும் சேர்ந்து ஒரு வாயில்லா ஜீவனுக்குத் தண்ணீர் தூக்கினார்கள் — இதுதானே அன்று நடந்தது? இது இரண்டு பேருக்குமே செய்தியாகப் படவில்லை. நல்லது நடந்தால் அதைப் போட இவர்களுடைய பக்கங்களில் இடமே கிடையாதா?

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். ஹனீபா பாயை விடாமல் கிளப்பி, பொள்ளாச்சிக்குப் போனேன்.

சாகுல் பாய் மண்டியில்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு, அவராகவே ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். பேப்பர்ல வந்துச்சு, சரி. பேப்பர்ல ஆயிரம் வரும். ஆனா அத நீங்களே கட்டுக் கட்டி, சிப்ஸும் வெச்சு அனுப்பிச்சீங்க பாருங்க, அதுதான் எங்களுக்கு ஒண்ணும் புரியலீங்க. மிரட்டறீங்களா, இல்ல இதுல பெருமைப்படறீங்களா? எங்க ஊட்டுல ஒருத்தரும் இன்னும் அந்தச் சிப்ஸத் தொடலீங்க."

ஹனீபா பாய் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க."

சாகுல் பாய் இதை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நாளாகத் தன்னோடு சரளமாகத் தமிழில் பேசி, சம்பந்தம் பேசி முடித்த மனிதருக்கு எழுத்து தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. நான் படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்த வாளி அதுல இல்லியே."

"வெட்டிட்டாங்க" என்றேன்.

உள்ளே திரும்பி, அந்தச் சிப்ஸ் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்து, தானும் எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் தள்ளினார். கொஞ்சம் நமுத்துப்போயிருந்தது. ஆனாலும் தின்றோம்.

"எனக்குத் தெளிஞ்சுபோச்சுங்க பாய். ஆனா தெரு முச்சூடும் அந்தப் பேப்பரப் பாத்துருச்சே. நீங்க அனுப்பிச்சதையெல்லாம் எம் பையன் காலைலயே ஊடு ஊடாக் குடுத்துட்டு வந்துட்டான். அவனும் பிரிச்சுப் பாக்கல. எல்லாருக்கும் நான் போய்ச் சொல்லிட்டிருக்க முடியுங்களா? பேப்பர்லயே வரட்டும்."

பேப்பரிலும் வந்தது. திருத்தம். உள்பக்கத்தில், ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கீழே, தீப்பெட்டி அளவில். எல்லையில் நடந்த சோதனை பற்றிய செய்தியில் படத்தில் இருந்தவர் கடத்தலில் ஈடுபட்டவர் அல்ல என்று. பேர் இல்லை. படம் இல்லை. பழி சுமத்தும்போது அரைப்பக்கத்துக்குப் படம். இல்லை என்று சொல்லும்போது, யாரைச் சொல்கிறார்கள் என்றே தெரியாத நாலு வரி. யாருக்காக இந்தத் திருத்தம்? நிருபருக்குப் போன் செய்தேன். போட்டுவிட்டோமே சார் என்றார், அதே மரியாதையோடு.

சாகுல் பாயும் அதைப் படித்தார். எனக்குப் போன் செய்தார்.

"இவங்கள நம்பி இனி ஆகாதுங்க சார். அந்தப் போட்டோவக் கொஞ்சம் எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிவெயுங்க."

அனுப்பினேன். எதற்கு என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம் நானும் ஹனீபா பாயும் போய்ப் பார்த்தபோது, தேங்காய் மண்டி வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். மேலே மணமக்கள் பேர், கல்யாணத் தேதி. நடுவில் அந்தப் படம், முழுசாக. ஹனீபா பாய், போலீஸ்காரர், எருமை, வாளி. கீழே தமிழில் 'மணமகளின் தந்தை' என்று பெரிதாக, அதன் கீழே அதையே மலையாளத்திலும். சம்பந்திக்குப் படிக்க வேண்டுமே என்று மலையாளத்துக்குத் தனியாக ஆள் பிடித்து எழுதியிருக்கிறார். போலீஸ்காரரையும் தேடிப்போய்ச் சம்மதம் கேட்டு, கல்யாணப் பத்திரிகையும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஹனீபா பாய் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, என் பக்கம் திரும்பி, அந்தத் தமிழ் வரியைக் காட்டினார்.

"இத மட்டும் படிங்ணா. சத்தமாவே படிங்க."

தெருவுக்கே கேட்கும்படி படித்தேன்.

எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு தப்பும் செய்யாத மனிதன், தான் தப்புச் செய்யவில்லை என்பதை ஊருக்குச் சொல்ல, சம்பந்தி காசில் ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டுமா? சாகுல் பாய் மாதிரி ஒரு சம்பந்தி வாய்க்காதவன் என்ன செய்வான்? அவனுடைய வாளியை யார் தேடிக் கொடுப்பார்கள்?

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்றுக் காலை, அதே டீக்கடை. அதே தமிழ்ப் பேப்பரைப் பிரித்தேன். 'கல்யாண ஃப்ளெக்ஸில் போலீஸ்காரர்; பொள்ளாச்சியில் பரபரப்பு' என்று ஒரு செய்தி. ஃப்ளெக்ஸையும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

இடுப்புக்கு மேலே மட்டும்.